புங்கமேட்டுக் காட்டுக்கு ஆடிட்

அம்பிகா இதுவரை ஒரு ஆடிட்டிலும் தோற்றதில்லை. ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ பேக்டரி ஒன்றில் ஒன்பது வருடமாக அவளுக்கு அதுதான் உத்தியோகம். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வருடத்துக்கு நாலைந்து முறை ஆள் அனுப்பி, பேக்டரி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். வந்தவர் திரும்பிப் போகிற வரைக்கும் பேக்டரி ஒழுங்காக நடப்பதுபோல இருக்கவேண்டும். அந்த ‘போல’வுக்கு முழுப் பொறுப்பு அம்பிகா.

தேதி தெரிந்துவிட்டால் போதும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். தரையில் மஞ்சள் கோடு புதிதாகப் பளபளக்கும். முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மாத்திரைகள் மாயமாகும். தூணுக்குத் தூண் தீயணைப்பு சிலிண்டர் தொங்கும். கழிப்பறையில் புதுச் சோப்பு இருக்கும், ஆனால் அதை யாரும் தொடக்கூடாது. தைக்கிற பெண்களை வரிசையாக உட்காரவைத்து, என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று ஒப்பிக்க வைப்பாள். ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுக் கார் ஏறியதும் சோப்பு மறுபடி பீரோவுக்குள் போகும். இதெல்லாம் பொய்யில்லையா என்று யாராவது கேட்டால், கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோமே, அது பொய்யா என்று திருப்பிக் கேட்பாள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் புங்கமேட்டுக்காரர்கள் தங்கள் காட்டைக் கொடுத்தார்கள்.

கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகிற வழியில் இருக்கிறது புங்கமேடு. ஊருக்குப் பின்னால் நாற்பது ஏக்கர் காடு. ஊர்க் கிணறுகளுக்கு வருகிற ஓடை அதற்குள்ளிருந்துதான் இறங்குகிறது. அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஐந்து வருடத்துக்கு ஊர்க்காரர்களிடமே கொடுக்கலாம் என்று வனத்துறையில் முடிவாயிற்று. சீத்தாப்பழமும் சீயக்காயும் புளியும் பொறுக்கிக்கொள்ளலாம், காட்டைக் காப்பாற்ற வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை பயிற்சி நடக்கும். அப்புறம் ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் காடு பக்கத்து ஊரான ஊசிக்குப்பத்துக்குப் போய்விடும்.

ஊசிக்குப்பம் என்றாலே புங்கமேட்டுக்காரர்களுக்கு வயிறு எரியும். ஒருமுறை ஏரி மீன்பிடிப்பு அவர்கள் கைக்குப் போனபோது, தண்ணீர் குடிக்க வந்த புங்கமேட்டு மாடுகளைக்கூட மீன் பயந்துவிடும் என்று விரட்டினார்கள். இப்போது காடும் போனால் ஓடையை எந்தப் பக்கம் திருப்புவார்களோ என்று எல்லாருக்கும் உள்ளூரப் பயம்.

பயிற்சி கொடுக்க வந்தவர் பிரேம்நாத். மெல்லிய ஆள், மெல்லிய குரல், ஆனால் காட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். முதல் ஞாயிறு ஒரு கை சருகை அள்ளிக்கொண்டு வந்து எல்லாரையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். மழைக்கப்புறம் என் ஆட்டுப்பட்டி இப்படித்தான் நாறும் என்றாள் ஆடு மேய்க்கிற முனியம்மா. அவருக்கு அதில் அத்தனை சந்தோஷம். சருகுதான் காட்டுக்குப் போர்வை, அதைத் தொடக்கூடாது என்று விளக்கினார். இரண்டாவது ஞாயிறு, பட்டுப்போன மரத்தையும் கறையான் புற்றையும் அப்படியே விட்டுவிட வேண்டும் என்றார். இந்த இரண்டு நாளும் அம்பிகா வரவில்லை. பேக்டரியில் ஷிப்மென்ட் நெருக்கடி.

அவள் வந்தது மூன்றாவது ஞாயிறு. அன்றைக்குப் பாடம் காட்டுத்தீ. காட்டின் எல்லையை ஒட்டி மூன்று மீட்டர் அகலத்துக்கு மட்டும் சருகைப் பெருக்கி எடுத்துவிட்டால் வெளியிலிருந்து நெருப்பு உள்ளே தாண்டாது என்று சொல்லி, எல்லார் கையிலும் ஆளுக்கொரு துடைப்பத்தைக் கொடுத்தார் பிரேம்நாத். அம்பிகா பெருக்கிய இடத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம். காடு வளர்ப்பது இவ்வளவுதானா என்று அவளுக்கே வியப்பு. வேலை முடிந்ததும் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சார், இதுக்கு ஆடிட்டு உண்டா?”

“ஆடிட்டுன்னு இல்லக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை தபஸ்ஸும் மேடம்னு ஒரு ஆபீசர் வந்து சுத்திப் பார்ப்பாங்க.”

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் அம்பிகா காதில் ஏறவில்லை. தேதி தெரிந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கும் நிம்மதி. ஆடிட் என்றால் நம்ம அம்பிகா இருக்கிறாளே என்று அங்கேயே அவளைக் காட்டுக் குழுத் தலைவியாக்கிவிட்டார்கள். பாஸ் பண்ணிக் காட்டுகிறேன் என்று அவளும் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை அறுபது பேரோடு காட்டுக்குள் இறங்கினாள். முனியம்மா மட்டும் துடைப்பத்தைத் தொடாமல் நின்றாள். மூன்று வகுப்பிலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

“அம்பிகா, சருகைத் தொடக் கூடாதுன்னு அந்த சார் மொத நாளே சொன்னாரு. நீ அன்னிக்கு வரல.”

“அக்கா, ட்ரெய்னிங்ல அப்படித்தான் சொல்வாங்க. எங்க பேக்டரியிலயும் ட்ரெய்னிங்ல மணிக்கு ஒருதரம் தண்ணி குடின்னு சொல்றாங்க. குடிக்கப் போனா சூப்பர்வைசர் முறைக்கிறான். ட்ரெய்னிங் வேற, ஆடிட்டு வேற. குப்பையைப் பார்த்துட்டு பாஸ் போட்ட ஆடிட்டரை நான் பார்த்ததே இல்ல.”

முனியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கறையான் புற்றுப் பக்கம் நடந்தாள். மற்றவர்களுக்கோ விளக்கமே தேவைப்படவில்லை. புங்கமேட்டில் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது ஷூ பேக்டரிக்குப் போகிறவள். ஆடிட் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர்கள் கை தானாகவே துடைப்பத்தைத் தேடும். பிரேம்நாத் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்து போயிற்று.

“நாப்பது ஏக்கரை ஒரே நாள்ல எப்படிம்மா பெருக்குறது?” என்று கேட்டார் டீக்கடை சம்பந்தம்.

“ஆடிட்டர் நடக்குற பாதைதான் அண்ணா பேக்டரி. மீதியெல்லாம் குடோன்.”

பாதையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பெருக்கினார்கள். எண்பத்தேழு சாக்குச் சருகு சமுதாயக் கூடத்துக்குப் போயிற்று. பட்டுப்போய் விழுந்து கிடந்த ஒரு மரத்தைப் பத்துப் பேர் தூக்கி அப்புறப்படுத்தினார்கள். மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்தார்கள். பாதையின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு போட்டார்கள். ‘வெளியேறும் வழி’ என்று அம்புக்குறி போட்ட பலகை ஐந்து. புளியமரத்தடியில் ‘ஆபத்து நேரத்தில் கூடுமிடம்’. வேப்பமரத்தில் முதலுதவிப் பெட்டி. கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வாங்கிய தீயணைப்பு சிலிண்டர் உசில மரக் கிளையில் தொங்கியது. கறையான் புற்றை இடிக்க முனியம்மா விடவில்லை, குறுக்கே படுத்துவிட்டாள். அதனால் புற்றுக்கு முன்னால் ‘அனுமதி பெற்றவர்கள் மட்டும்’ என்று எழுதி வைத்தார்கள். கடைசியில் ஒவ்வொரு மரத்திலும் ஒரு அட்டை கட்டினாள் அம்பிகா. மரம் எண், கடைசியாகப் பராமரித்த தேதி, அதற்குக் கீழே, ‘நிலை: நன்றாக இயங்குகிறது’.

குரங்குகள்தான் ஒரே தொல்லை. அவற்றை ஆடிட் முடியும்வரை காட்டின் மறுகோடியில் நிறுத்திவைக்கும் பொறுப்பு, நாலு தார் வாழைப்பழத்தோடு சம்பந்தத்துக்குப் போயிற்று.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. தபஸ்ஸும் மேடம் அதிகம் பேசாதவர். பிரேம்நாத் கூடவே வந்தார். பாதைக்குள் நாலடி வைத்ததும் அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. மேடம் மட்டும் நிதானமாக நடந்தார். நாற்பத்தேழாம் எண் மரத்தின் அட்டையை எடுத்துப் படித்தார். எதுவும் சொல்லவில்லை. பேசாத ஆடிட்டர் நல்ல ஆடிட்டர் என்பது அம்பிகாவின் அனுபவம், அதனால் அவள் தெம்பாகவே இருந்தாள்.

மேடம் முனியம்மாவைப் பார்த்து, “இங்க மயில் வருமாம்மா?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

முனியம்மா விறைப்பாக நிமிர்ந்து நின்றாள். முந்தின நாள் ராத்திரி சாப்பாடுவரை அம்பிகா ஒப்பிக்க வைத்தது அப்படியே வாய்க்கு வந்துவிட்டது. “எட்டு மணி நேரந்தான் மேடம். அதுக்கு மேல யாரும் கட்டாயப்படுத்துறது இல்ல. டாய்லெட்டு சுத்தமா இருக்கு.”

“மயிலுக்கா?”

“எல்லாருக்கும் மேடம்.”

அந்த நேரம் பார்த்துக் காட்டின் மறுகோடியில் வாழைப்பழம் தீர்ந்துபோனது. சம்பந்தம் வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெளியேறும் வழி என்று எழுதியிருந்த திசையில் ஓடிவந்தார். பின்னாலேயே முப்பது குரங்கு. கூடுமிடத்தில் எல்லாம் ஒழுங்காகக் கூடின. ஒன்று முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சைத் தின்று பார்த்துத் துப்பியது. இன்னொன்று உசில மரக் கிளையில் தாவிக் குதித்தது. மேலேயிருந்த சிலிண்டர் கல்மேல் விழுந்து வாயைத் திறந்துகொண்டது. புஸ்ஸென்று கிளம்பிய வெள்ளைப் பொடி அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அடங்கியபோது மேடமும் பிரேம்நாத்தும் அம்பிகாவும் ஒரே நிறத்தில் நின்றார்கள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, அம்பிகாவையும் அப்படியே செய்யச் சொன்னார். மண் தோசைக்கல் மாதிரி சுட்டது.

“சருகு எங்கம்மா?”

“ஒண்ணுகூட இல்ல மேடம்,” என்றாள் அம்பிகா.

“இந்தச் சூட்டுல எறும்புகூட நடக்காது. பூச்சி இருக்காது. பூச்சி இல்லைன்னா பறவை வராது. விழுந்த விதை கருகிடும். மழை பேஞ்சா தண்ணி உள்ள இறங்காம ஓடிடும், உங்க ஓடையில ஆடி மாசம்கூட ஒண்ணும் வராது.” மேடம் கோபமாகப் பேசவில்லை, அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. “இதை நான் உங்ககிட்ட எப்படிம்மா கொடுக்கிறது?”

ஊரே அம்பிகாவைப் பார்த்தது. எல்லார் கண்ணிலும் ஊசிக்குப்பம் தெரிந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தால் ஊர்க் கிணற்றையே தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேடம் ஜீப்பில் காலை வைக்கிறபோது அவள் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், எங்க பேக்டரிக்கு வர்ற எந்த ஆடிட்டரும் பார்த்த உடனே பெயில் போட மாட்டாங்க. தப்பை எழுதிக் கொடுத்துட்டு, சரி பண்ண முப்பது நாள் டைம் கொடுப்பாங்க. அதான் முறை. நீங்களும் எழுதிக் கொடுங்க.”

“எழுதணும்னா தாள் பத்தாதே.”

“எவ்ளோ இருந்தாலும் எழுதுங்க மேடம். சரி பண்ணாம விட்டதே இல்ல.”

மேடம் பிரேம்நாத்தைப் பார்த்தார். அவர் தலையிலிருந்து பொடி கொட்டக் கொட்ட, கொடுங்க மேடம் என்பதுபோலத் தலையாட்டினார். மேடம் ஒரு தாளைக் கிழித்து ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ‘எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்திலேயே வைக்கவும்.’

வேறு யாராக இருந்தாலும் எண்பத்தேழு சாக்கையும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்திருப்பார்கள். அம்பிகா ஆடிட்டர் எழுத்தை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகிறவள். எடுத்த இடத்திலேயே என்றால் அந்தந்த மரத்துச் சருகு அந்தந்த மரத்தடிக்குத்தான் போகவேண்டும். ஆனால் சாக்கில் எல்லாம் கலந்து கிடந்தது.

மறுநாள் சாயங்காலம் பேக்டரி வேன் வந்து நின்றதும், இருபத்திரண்டு பெண்கள் நேரே சமுதாயக் கூடத்துக்குப் போனார்கள். பந்திப் பலகைகளை வரிசையாகப் போட்டு லைன் அமைத்தாள் அம்பிகா. ஒரு கோடியில் சாக்கைக் கொட்டினால் புங்கம், உசில், வெப்பாலை, துரிஞ்சி, புரசு என்று பிரிந்து மறுகோடியில் தனித்தனிக் குவியலாக வரவேண்டும். சேதி கேட்டு ஓடிவந்த பிரேம்நாத் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அக்கா, மொத்தமா பரப்பினாலே போதும். காத்து இன்னா பிரிச்சுப் பிரிச்சா போடுது?”

“உசிலச் சருகை புங்கமரத்துக்கு அடியில போட்டா ஜோடி மாறின ஷூ மாதிரி சார். நாங்க அப்படி அனுப்ப மாட்டோம்.”

சிக்கல் என்னவென்றால், காய்ந்துபோனால் எல்லா இலையும் அம்பிகாவுக்கு ஒரே பழுப்பு. தெரிந்தவள் முனியம்மா ஒருத்திதான். எந்த இலையை ஆடு தின்னும், எதை முகர்ந்துவிட்டுப் போகும் என்று முப்பது வருடம் பார்த்தவள். அவளை லைன் கோடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். தப்பாகப் பிரித்த சருகையெல்லாம் அவள் திருப்பி வீசினாள். முதல் நாள் வீசியதில் முக்கால்வாசி அம்பிகா பிரித்தது.

“இன்னா பேஜாரு பண்ற அம்பிகா. இது வெப்பாலை, நரம்பு பாரு. இது புங்கம், தொட்டா வழவழன்னு இருக்கும்.”

அம்பிகாவுக்கு பேக்டரியில் தோலைத் தடவியே அது கன்றுத்தோலா வெள்ளாட்டுத்தோலா என்று சொல்லத் தெரியும். அந்த விரல்கள் நாலாம் நாள் புங்கத்தைப் பிடித்துக்கொண்டன. ஆறாம் நாள் புரசு பிடிபட்டது. பத்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு, கையில் நொறுங்குகிற சத்தத்தை வைத்தே சொன்னாள். முனியம்மா அன்றைக்கு ஒரு சருகையும் திருப்பி வீசவில்லை.

அட்டைகளையும் பலகைகளையும் பிரித்தெடுத்தார்கள். மஞ்சள் கோட்டையும் மரத்துச் சுண்ணாம்பையும் சுரண்டினார்கள். பட்ட மரத்தை அதே பத்துப் பேர் தூக்கிப்போய், கிடந்த வாக்கிலேயே கிடத்தினார்கள். எண்பத்தேழு சாக்குச் சருகும் அதனதன் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது.

முப்பதாம் நாள்தான் மேடம் வருவார் என்பது அம்பிகாவின் கணக்கு. இருபத்தைந்தாம் நாள் ஏற்பாடுகளை ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருந்தாள். என்னென்ன செய்யவேண்டும் என்று குறித்துவைக்க, இருபத்தோராம் நாள் ஞாயிறு காலை, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு நோட்டோடு காட்டுக்குள் போனாள். புங்கமரத்தடியில் சருகு சின்னதாக அசைந்தது. குந்தி உட்கார்ந்து ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் மண் ஈரமாக இருந்தது. மரவட்டை ஒன்று சுருண்டுகொண்டது. ஒரு அரணை அவள் கால்விரல்மேல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போயிற்று. நாம் கொண்டுவந்து போட்ட சருகுக்கு யாரோ குடிவந்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. அடுத்த இலையைத் தூக்கினாள், அதற்கடுத்ததையும் தூக்கினாள். நோட்டு எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை.

தலை நிமிர்ந்தபோது தபஸ்ஸும் மேடம் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

“மேடம், இன்னும் ஒம்பது நாள் இருக்கு,” என்றாள் அம்பிகா, துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

“தெரியும். அதனாலதான் இன்னிக்கு வந்தேன். நடங்க.”

யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. குரங்குகளுக்கு ஆளில்லை. பாதை நடுவில் ஏதோ மிருகத்தின் சாணம் புத்தம்புதிதாகக் கிடந்தது. குச்சி எடுத்துத் தள்ளிவிடலாமா என்று அம்பிகாவுக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு சும்மா நடந்தாள். வாழ்நாளில் அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை அது.

“இது என்ன மரம்?” என்றார் மேடம்.

“உசில் மேடம். சருகு பொடிப்பொடியா இருக்கும். பிரிக்கிறதுக்குள்ள கண்ணு போச்சு. இதுக்கு மட்டும் மூணு சாக்கு. ஆனா புரசு அப்படி இல்ல, பெரிய எலை, ஒரு எலையில சாப்பாடே போடலாம். அதுக்கு அடியிலதான் பூச்சி ஜாஸ்தி...” கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனாள். எந்த ஆடிட்டரிடமும் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று ஒன்பது வருடமாக ஊருக்கு உபதேசம் செய்தவள் அவள்.

“இந்தச் சாணம் எந்த மிருகத்தோடது?”

அம்பிகா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். “தெரியாது மேடம். முனியம்மாக்காவைக் கேட்டுச் சொல்றேன்.”

மேடம் அதையும் எழுதிக்கொண்டார். ஓடைவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து, ஜீப்பின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நாற்பது ஏக்கரும் ஐந்து வருடத்துக்கு உங்கள் ஊர் பொறுப்பு என்றார்.

அம்பிகா நைட்டியோடு அப்படியே சருகின்மேல் உட்கார்ந்து அழுதாள். கண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டே சிரிக்கவும் செய்தாள். மேடமும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

“அடுத்த வருஷம் மார்ச்சுல மறுபடி பார்க்க வருவேன். பயப்படாதீங்க, தேதியை முன்னாடியே சொல்லிடறேன்.”

“சொல்லாதீங்க மேடம்,” என்றாள் அம்பிகா பதறிப்போய். “தேதி தெரிஞ்சா என் கை சும்மா இருக்காது.”